கன்னத்தில் அடிப்பவள்

பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் தாதியர் படிப்புக்கு அந்த வருடம் எடுபட்ட தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர். பிரதீபன், நிரோஜா, நான், பிறகு அவள். பட்டம் வாங்கி நாலு வருடமாகியும் எங்களுடைய வாட்ஸ்அப் குழு உயிரோடு இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அதில் வருகிற செய்திகள் எல்லா வகுப்புக்கும் வருகிற செய்திகள்தான். பிரதீபன் ஜெர்மனிக்குப் போனான், அங்கே ஜெர்மன் மொழியில் ஏச்சு வாங்குகிறான். நிரோஜா கலியாணம் கட்டினாள், பெண் பிள்ளை பிறந்தது. எனக்கு இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அவளைப் பற்றி மட்டும் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வரும்: யாருக்கோ அடித்துவிட்டாளாம்.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. நான் பெயரைப் போட்டால் எங்கள் ஆட்களில் ஒருவர் அதை இத்தாலிய மொழியில் மாற்றி நீதிபதியிடம் நீட்டுவார். அந்த அளவுக்கு நல்ல மனது படைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். என் தோளுக்குத்தான் வருவாள். சீருடையின் மிகச் சிறிய அளவுகூட அவளுக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும். ஆனால் அடிப்பதில் அவளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கன்னத்தில்தான் அடிப்பாள். கையை விரித்து, எல்லோரும் பார்க்க, ஓங்கி அறைவாள். கிள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது, முதுகில் குத்துவது எதுவும் அவளிடம் கிடையாது. ஒருநாள் விடுதி வாசலில் ஒரு பையன் இன்னொருவனுக்கு வயிற்றில் குத்தியதைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினாள். "மறைச்சு அடிக்கிறது கள்ளற்றை வேலை" என்றாள்.

அவள் அடித்தவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வருடம் நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோப் பகுதியிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வகுப்புக்குப் போவோம். ஒருநாள் காலை நெரிசலில் அவளுடைய இடுப்பில் ஒரு கை பட்டது. திரும்பினாள், அறைந்தாள். அறை வாங்கியவர் எழுபது வயதுக் கிழவர். கையில் கூனைப்பூ நிறைந்த பை. பஸ் பிரேக் போட்டபோது விழாமல் இருக்கக் கம்பியை எட்டிப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய பொய்ப்பற்கள் கழன்று யாருடைய காலடியிலோ போய் விழுந்தன. உண்மையாகத் தொட்டவன் முன் கதவால் இறங்கிச் சிரித்துக்கொண்டு போனதை நான் கண்டேன்.

பஸ் முழுக்க அவளைத் திட்டியது. அவள் குனிந்து பற்களைப் பொறுக்கி, தன்னுடைய தண்ணீர்ப் போத்தலால் கழுவிக் கிழவரிடம் கொடுத்தாள். பிறகு அவரோடு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய வீட்டின் மூன்றாம் மாடிவரை போய் விட்டுவிட்டு வந்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கண்டபோதெல்லாம் எழுந்து இடம் கொடுப்பாள். அவர் பயந்துபோய் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார். எனக்கு அவளை அன்றைக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பட்டம் பெற்ற அன்று பின்னேரம் நாலு பேரும் வுச்சீரியாச் சந்தைக்குப் போனோம். பிரியாணிக்குப் போடுகிற அதே இலையில் கட்டிய வளையத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரிவது இங்கே பட்டதாரிகளின் வழக்கம். ஆட்டுக்குடல் வாட்டுகிற அடுப்படியில் நின்ற ஒருவன் நிரோஜாவின் வளையத்தைத் தலையிலிருந்து உருவித் தணலில் போட்டான். "தூர்க்காவுக்கும் கிரீடமோ?" என்று கேட்டான். தூர்க்கா என்றால் துருக்கிக்காரி; கறுத்த தோல் உள்ள யாரையும் இங்கே துருக்கர் என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பழகிப்போயிருந்தது.

அவளுக்குப் பழகவில்லை. அறைந்தாள். அவன் அவளுடைய வாயில் குத்தினான். அவள் விழுந்தாள், எழுந்தாள், அதே கன்னத்தில் மறுபடி அறைந்தாள். அவன் மறுபடியும் குத்தினான். இப்படி நாலு தடவை. நானும் பிரதீபனும் மீன் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டோம். கடைசியில் குடல் வாட்டுகிறவர்தான் வந்து அவனைச் சட்டைக் கழுத்தில் பிடித்துத் தள்ளிவிட்டார். அவளுடைய உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். ஒரு பல் ஆடியது. சுண்டுவிரல் முறிந்து பக்கவாட்டில் நின்றது. தன்னுடைய வளையத்தைக் கழற்றி நிரோஜாவின் தலையில் வைத்தாள்.

"அழாதை நிரோ. அவன்ரை கன்னத்தைப் பார். விரல் அடையாளம் அப்பிடியே கிடக்குது."

எங்களுடைய பட்டமளிப்புப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் வாய் வீங்கித்தான் நிற்கிறாள். விரலுக்குக் கட்டுப்போடக் காத்திருந்தபோது நான் கேட்டேன், ஏன் முதலில் ஒரு வார்த்தை கேட்காமல் அடிக்கிறாய் என்று. அவள் வன்னியிலிருந்து வந்தவள். போர் முடிந்தபோது பத்து வயது, முகாமில் இருந்தவள்.

"அப்பா கேட்டவர். அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனீங்களெண்டு மரியாதையாய்த்தான் கேட்டவர். ஆமிக்காரன் அவருக்குக் கன்னத்திலை அடிச்சவன். அடியிலைதான் கதை முடியுமெண்டால், அடியிலையே துவங்கலாம்தானே."

அப்பாவோடு இவள் மட்டும் இத்தாலிக்கு வந்து சேர்ந்தாள். காயப்பட்ட அம்மா உயிர் தப்பிக் கிளிநொச்சியில் இருக்கிறார். இப்போது சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விமானம் ஏற முடியாது. அகதி அட்டையோடு இவளும் இலங்கைக்குப் போக முடியாது. இத்தாலியக் குடியுரிமை கிடைத்து, இத்தாலியக் கடவுச்சீட்டு கைக்கு வந்தால் மட்டும்தான் அம்மாவைப் பார்க்கலாம். விண்ணப்பம் ரோமில் கிடந்தது. கடிதம் எந்த நாளும் வரலாம் என்று இருந்தாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் படி ஏறுவாள்.

இனி நிரோஜா. அவள் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பு விசாவில் வந்து சித்தி வீட்டில் நின்றவள். மாப்பிள்ளைக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. எங்கள் ஆட்கள் பூசைக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு எடுத்திருக்கிற மண்டபத்தில் அவர்தான் முன்னுக்கு நிற்பவர். கதிரை அடுக்குவார், ஒலிவாங்கி பிடிப்பார், வயதானவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிப் போவார். "தமிழாக்கள் தங்கடை பிரச்சினைக்கு குவெஸ்தூராவுக்குப் போகக் கூடாது, போனால் எல்லாற்றை பெர்மெஸ்ஸோவிலையும் கை வைப்பாங்கள்" என்று ஒலிவாங்கியில் அடிக்கடி சொல்பவரும் அவர்தான். குவெஸ்தூரா என்றால் பொலிஸ் தலைமையகம், பெர்மெஸ்ஸோ என்றால் இங்கே இருப்பதற்கான அனுமதி அட்டை. இந்த இரண்டு சொல்லையும் கேட்டு நடுங்காத தமிழர் பலெர்மோவில் குறைவு. கலியாணத்துக்குப் பிறகு நிரோஜாவின் பெர்மெஸ்ஸோ அவருடையதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பதிந்து உள்ளே அனுப்புகிற மேசையில் நான் இருந்தேன். நிரோஜா பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலை சுற்று, இரண்டு தடவை வாந்தி. முடியை விலக்கிப் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால், முடி மூடுகிற இடத்தில் கருநீல வீக்கம். அதற்கு அடியிலேயே பழையது ஒன்று மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

"படியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு எழுது" என்றாள்.

"எந்தப் படி? நீ இருக்கிறது கீழ்வீடு."

"கெஞ்சிக் கேக்கிறன். அவரைப் பிடிச்சால் அவற்றை பெர்மெஸ்ஸோ போகும். அதோடை என்ரையும் போகும், பிள்ளையின்ரையும் போகும். உனக்குத் தெரியாதே?"

எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. மூன்று வருடம் இத்தாலியில் படித்தவள், அடிபட்டு வரும் பெண்ணைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்று பரீட்சை எழுதிப் புள்ளி வாங்கியவள், மண்டபத்தில் கேட்டதைத்தான் நம்பினேன். படியில் விழுந்தார் என்று எழுதினேன். எழுதிய கையை அன்று முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பரில் பலெர்மோக்காரர்கள் தங்கள் நகரத்தைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கு வெறுங்காலோடு மலையேறுவார்கள். எங்கள் சைவ ஆட்களும் ஏறுவோம். எங்களுக்கு அவவும் ஓர் அம்மன்தான். அந்த வருடம் அவளும் நானும் சேர்ந்து ஏறினோம். பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை, நிரோஜாவின் கதையைச் சொல்லிவிட்டேன். நான் எழுதிய பொய்யை மட்டும் சொல்லவில்லை.

"எந்த இடத்திலை அடிக்கிறவன்?"

"தலையிலை. முடிக்குள்ளை."

அவள் நின்றாள். பிறகு இரண்டு வளைவு ஏறினாள். "வேலை செய்யிற கடை எது?" என்று கேட்டாள். என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கடையின் பெயரைச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நடந்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன். சாப்பிட வந்த யாரோ எடுத்து, அது எங்கள் ஆட்களின் கைபேசி எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்தது. மத்தியான நேரம், கடை நிறைந்த கூட்டம். நிரோஜாவின் புருசன் வெள்ளைத் தொப்பியோடு ஐஸில் பரப்பிய மீன்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவள் நடந்து வருகிறாள். முதலில் இத்தாலிய மொழியில் கடை முழுக்கக் கேட்கச் சொல்கிறாள்: "இந்த ஆள் மனைவியின் தலையில் அடிக்கிறவன்." பிறகு இடது கன்னத்தில் ஒன்று. வலது கன்னத்தில் ஒன்று. இரண்டாவது அறைக்கு அவர் பக்கவாட்டில் சரிந்து, ஈரத் தரையில் கால் வழுக்கி, மீன் தட்டின் விளிம்பில் முகம் அடிபட விழுகிறார். புருவம் பிளந்து ஐஸ் சிவக்கிறது. வாள்மீனின் தலை ஒன்று உருண்டு அவருடைய மடியில் விழுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் நானும் சிரித்தேன், நாலைந்து தடவை திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தேன்.

புருவத்தில் மூன்று தையல். தையலோடு அவர் நேரே குவெஸ்தூராவுக்குப் போனார். ஆம், தமிழர் அங்கே போகக் கூடாது என்று ஒலிவாங்கியில் சொன்ன அதே மனிதர் முதல் ஆளாகப் போய் அவள்மீது முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். வழக்கு பதிவானது. தண்டனை விழுந்தால் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லையென்றால் அம்மா இல்லை.

அவளுக்கு ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் என்னிடம் ஓடி வந்தாள். "இஞ்சை கேளடி. முறைப்பாடு குடுத்தால் நிரோவின்ரை பெர்மெஸ்ஸோ போகாதாம். அடி வாங்கிற பொம்பிளையளுக்கெண்டு தனியாய் ஒரு பெர்மெஸ்ஸோ இருக்காம். நாங்கள் எல்லாரும் விசரர்." அதை நிரோஜாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். நிரோஜா நம்பவில்லை. மண்டபத்தில் இவ்வளவு பேரும் பொய்யா சொல்கிறார்கள் என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

"நீ வேலை செய்யிற இடத்துக்குத்தானே நிரோ வந்தவள்?" என்று அவள் என்னைக் கேட்டாள். "காயத்தை நீ எழுதியிருப்பாய்தானே? அந்தப் பேப்பர் இருந்தால் எனக்குக் காணும்."

"அண்டைக்குக் கூட்டம். வேறை ஆரோதான் பதிஞ்சவை" என்றேன்.

அவள் நம்பினாள். யாரையும் நம்பாமல் முதலில் அடிக்கிறவள் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினாள். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

மண்டபத்துப் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். அவள் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் அவர் முறைப்பாட்டைத் திரும்ப எடுப்பார், வழக்கு அதோடு முடியும். சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. வகுப்புக் குழுவில் பிரதீபன் ஜெர்மனியிலிருந்து, "ஒரு ஸொறி தானே, சொல்லிப்போட்டு அம்மாவைப் போய்ப் பார்" என்று எழுதினான். நானும் அதற்குக் கீழே கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கதிரைகளைத் திருப்பிப் போட்டார்கள். அறுபது எழுபது பேர். அவள் நடுவில் வந்து நின்று, "பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். கிழவரின் பற்கள் கழன்றபோதுகூடக் கேட்காத மன்னிப்பு. அதோடு முடிந்திருக்க வேண்டும். அவர் எழுந்து புருவத்தைத் தடவினார்.

"வாயாலை சொல்லி என்ன? நான் எல்லாருக்கு முன்னாலையும் அடி வாங்கினவன். அவளும் எல்லாருக்கு முன்னாலையும் வாங்கட்டும். நான் பொம்பிளையளுக்குக் கை ஓங்கிறவன் இல்லை. என்ரை மனிசி அடிக்கட்டும். நாளைக்கே வழக்கைத் திரும்ப எடுக்கிறன்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் கூடாது என்று சொல்லவில்லை. நான் எழுந்து போய் அவளுடைய கையைப் பிடித்தேன். "வேண்டாமடி, வா போவம்."

"விடு. நான் எத்தினை பேருக்குக் குடுத்திருப்பன். எனக்கு அம்மாவைப் பாக்கவேணும்."

நிரோஜாவைக் கூட்டி வந்து விட்டார்கள். அவள் புருசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவள் கன்னத்தைக் காட்டி நின்றாள். "கன்னத்திலை அடி நிரோ. பயப்பிடாதை. அடிச்சுப்போட்டு வீட்டை போ" என்று மெதுவாகச் சொன்னாள்.

நிரோஜா கன்னத்தில் அடிக்கவில்லை. இடது கையால் அவளுடைய பின்முடியை அள்ளிச் சுற்றிப் பிடித்தாள். தலையைக் கீழே அமுக்கி ஒரு பக்கமாகத் திருப்பினாள். வலது கையை முட்டியாகப் பொத்தி, நடுவிரல் கணுவைச் சற்று வெளியே தள்ளி, காதுக்குப் பின்னால் முடிக்குள் இறக்கினாள். ஒரு தடவை என்றுதான் பேச்சு. மூன்று தடவை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்தில் போய் விழுந்தது. கல்லில் தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரி இருந்தது. நிரோஜாவின் கண்கள் எங்கேயோ இருந்தன. வாழ்க்கையில் யாருக்கும் கை ஓங்கி அறியாத பிள்ளை அவள். மூன்றாவது அடிக்குப் பிறகு கையை எடுத்து, அவளுடைய முடியை நீவி அந்த இடத்தை மூடியும் விட்டாள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அக்காவின் கை தன்பாட்டில் எழுந்து தன்னுடைய கொண்டைக்குப் போனது. நான் பார்த்ததைக் கண்டதும் கையைக் கீழே போட்டுவிட்டா.

அவள் முழங்காலில் இருந்தாள். காதோரம் இரத்தம் ஒழுகியது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருந்தால் போதும். அடி வாங்கியாயிற்று, நாளைக்கு வழக்கு இல்லை. கடிதம் வரும், கடவுச்சீட்டு வரும், கிளிநொச்சி வரும். எனக்கு அது விளங்கியது, அவளுக்கும் விளங்கியிருக்கும். தரையைப் பிடித்து எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தாள்.

"கண்டனீங்களோ? நான் கன்னத்திலைதான் அடிக்கக் காட்டினனான். உந்த இடத்தை இவளுக்கு ஆர் காட்டினது?"

"வழக்கைத் திரும்ப எடுக்கமாட்டன்!" என்று அவர் கத்தினார். "உன்னை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடமாட்டன்!"

"தெரியும்" என்றாள். "அம்மாட்டை நான் சொல்லிக்கொள்ளுறன்."

அவர் அவளை நோக்கிப் பாய்ந்தார். கதிரைகள் விழுந்தன. இரண்டு பேர் அவரைப் பிடித்தார்கள், பிடித்தவர் ஒருவருக்கு மூக்கில் அடி விழுந்தது. பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியில், "பிள்ளையள், இது குடும்ப விசயம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அவருடைய கையிலிருந்து அதைப் பறித்தேன். என்னுடைய குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கீச்சிட்டது.

"நிரோவின்ரை தலையிலை அந்தக் காயத்தை நான் பாத்தனான். பழசும் புதுசும் பாத்தனான். படியிலை விழுந்ததெண்டு பொய் எழுதினதும் நான்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் என்னை ஓங்கி ஒன்று அறைந்திருக்கலாம். ஆனால் நிரோஜா அவளுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுத்த நாள் காலை குவெஸ்தூரா வாசலில் நாங்கள் மூன்று பேர் வரிசையில் நின்றோம். நிரோஜா பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். என்னுடைய கையில் நான் பொய் எழுதியதை ஒப்புக்கொள்கிற கடிதம். வேலை போகும் என்று தெரிந்தே எழுதியிருந்தேன். இவள் தலையில் கட்டோடு நின்றாள். என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது.

அப்போது பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்த்தோம். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த அந்த அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஏதோ இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டுக்கு வேலைக்குப் போகிற உடுப்போடு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா. கொண்டையைக் கழற்றி முடியை விட்டிருந்தா.

"பிள்ளையள்" என்றா. "முறைப்பாடு எழுதிறதுக்கு இதுதானோ லைன்?"

"ஓம் அக்கா" என்றாள் அவள். ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள். "எனக்கு முன்னாலை வாங்கோ."